தேனீயும் வயல் மருந்தும்



கல்முனைக்கு மேற்கே கரைவாகு வட்டை பச்சையாய் விரிந்து கிடக்கிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் நெல்லை நம்பிய ஊர்களே. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பக்கத்து வயல்கள் பலவற்றுக்கு நீர் தந்தது. காலப்போக்கில் பூச்சிநாசினியும் வந்து சேர்ந்தது. அதனை நாம் மருந்து என்றே அழைக்கிறோம். நஞ்சுக்கு இப்பெயர் எவ்வாறு வாய்த்ததோ!

"நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது, வயலிலே தேனீக்கு என்ன வேலை?" என்று போடிமார் வினவக்கூடும். வினா நியாயமானதே. நெல்லுக்குத் தேனீ வேண்டியதில்லை. தேனீக்கோ நெல் வேண்டும். கதிர் பூக்கும் முற்பகலில் மகரந்தம் திரட்ட அது வயலுக்கு வருகிறது. பலர் மருந்தடிப்பதும் அவ்வேளையிலேதான். வரம்பிலே பூத்த களைகளிலும் அந்நஞ்சு படிகிறது.

நஞ்சு தேனீயை வருத்தும் விதம் ஒன்றல்ல. நரம்பு வழியே ஒரு செய்தி சென்றதும், அதனை அடக்கி ஓய்வு தரும் நொதியம் ஒன்று உடலில் உண்டு. சேதனப் பொசுபேற்று நஞ்சுகள் அதனை முடக்கிவிடுகின்றன; தேனீ நடுங்கித் துடித்து மடிகிறது. இது கண்ணுக்குத் தெரியும் சாவு. இமிடாக்குளோப்பிரிட், தயமெதொக்சாம் போன்ற பிற்கால நஞ்சுகளின் போக்கு வேறு. அவை செடியின் சாற்றோடு ஏறிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலக்கின்றன. சிறிதளவு உண்ட தேனீ சாவதில்லை, வழியை மறக்கிறது. 2012இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் தேனீக்களின் முதுகில் நுண்ணிய அடையாளச் சில்லுகளை ஒட்டி, தயமெதொக்சாம் சிறிதளவு ஊட்டிப் பறக்கவிட்டனர். அவற்றுட் பல கூடு திரும்பவில்லை. கூட்டின் வாசலிலே பிணம் கிடவாது; கூடு மட்டும் நாளுக்கு நாள் மெலியும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவ்வகை நஞ்சுகள் மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடைசெய்தது.

இழப்பு தேன் எடுப்பவருக்கு மட்டுமன்று. வத்தகை, பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இடையே மகரந்தம் சுமப்பார் இல்லையேல் பிஞ்சு வெம்பி உதிரும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிடுவோர் உளர். திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயர் தாங்கியது என்பதை இவ்வூர்ச் சிறுவரும் அறிவர். பிஞ்சு உதிரும்போது மட்டும் பெரியோர்க்குத் தேனீயின் நினைவு வருவதில்லை.

அறக்கொட்டி வந்தால் கைகட்டி நிற்பதா என்பீர்கள். கண்ட மாத்திரத்தில் அடிக்கும் நஞ்சு, அறக்கொட்டியை உண்ணும் சிலந்தியையும் கொன்று, அப்பூச்சியையே பெருக்கிவிடுகிறது. இதனை உணர்ந்தே இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிநாசினிகளைத் தடுத்தது. அடித்தே ஆகவேண்டுமாயின், தேனீக்கள் கூடடைந்த அந்திப் பொழுதிலே, காற்று அடங்கியபின் அடிக்கலாம். அயலிலே தேன்பெட்டி வைத்திருப்பவருக்கு முதல்நாளே சொல்லியனுப்பினால், அவர் இரவோடிரவாகப் பெட்டியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வார்.