மணலுக்குள் சித்திரம்
(கோட்டைப்பட்டினத்தில் பேசியது)



நான் இன்று ஒரு நத்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒரு மாதமாக அது என்னைத் தூங்கவிடவில்லை.

சங்கு குளிக்கும் தோழர் ஒருவரோடு கண்ணாடி மாட்டிக்கொண்டு நமது கடலில் முங்கினேன். இரண்டு ஆள் ஆழம்தான். கடற்புல்லுக்கு நடுவில் மணல் விரல் கனத்துக்கு மேடிட்டு நகர்ந்தது. தோழர் கையால் விலக்கினார். கறுத்த உடம்பு, நீளவாட்டில் வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் மஞ்சள் கரை. ஓடு கிடையாது. மண்வெட்டி போன்ற தலையால் மணலைத் தள்ளி மறுபடியும் புதைந்துவிட்டது. எனக்கு மூச்சு முட்டி மேலே வந்தேன்.

படகிலிருந்த பெரியவர், "எல்லாம் ஆண்டவன் தீட்டிய சித்திரம்" என்றார். இருக்கட்டும், ஐயா. சித்திரம் எழுதியவர் அதை மணலுக்குள் ஏன் புதைக்கவேண்டும்? அந்த நத்தையின் கண்ணுக்கு வெளிச்சம், இருட்டு என்ற பேதம்தான் தெரியும். தன் நிறம் தனக்கே தெரியாது!

ஆர்மினா என்று இதற்குப் பெயர். இரவில் வெளியே வந்து, மணலில் நட்ட இறகு போல நிற்கும் கடற்பேனா என்ற பிராணியைத் தின்னும். இந்த வகை நத்தைகள் பலவற்றின் உடம்பில் மீனுக்கு ஆகாத நஞ்சு உண்டு. ஒருமுறை கடித்துத் துப்பிய மீன் அந்த நிறத்தை மறக்காது. ஆகவே நிறம் அலங்காரமல்ல, எச்சரிக்கைப் பலகை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சிறு ஓடு இருக்கிறது, பிறகு உதிர்கிறது. அதன் முன்னோர்கள் ஓடுடையவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஓடு வைத்திருக்கும் அதன் உறவுக்காரனான சங்கு மட்டும் பூசையறைக்குப் போகிறது. அதிலும் வலம்புரி என்றால் கேட்கவே வேண்டாம். அது சுருள் மாறிப் பிறந்த சங்கு, அவ்வளவுதான். அமெரிக்கக் கரையில் இயல்பாகவே அப்படிச் சுருளும் வேறொரு நத்தை உண்டு. அதன் ஓட்டை இங்கே வலம்புரி என்று விற்கிறார்கள். என் மைத்துனர் என் தங்கையின் சங்கிலியை அடகு வைத்து அப்படி ஒன்றை வாங்கினார். சங்கிலி இன்னும் மீளவில்லை.

சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த வால்டர் எலியட் என்ற வெள்ளைக்காரர் இத்தகைய ஓடில்லா நத்தைகளைச் சேகரித்து அனுப்ப, 1864இல் லண்டனில் அவற்றைப் பற்றி எழுதினார்கள். ஒன்றுக்குக் 'கலிங்கா' என்றே பெயரிட்டார்கள். நாமோ விசைப்படகு வலையில் வருவதைச் சங்காயத்தோடு கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறோம். 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்குக் காப்பகமாக்கினார்கள். அந்தப் புல்லடி மணல்தான் இதற்கும் வீடு.

மீன்பிடிக்கும் தோழர்களே! இனி வலையில் ஒன்று உயிரோடு வந்தால், ஒரு வாளி கடல்தண்ணீரில் விட்டு எனக்குச் சொல்லியனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, தமிழில் ஒரு பெயர் வைத்துத் திருப்பி விடுவோம்.