எருத்தொட்டியில் நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்கள்



'கிருமி' என்றதும் நமக்கு நோய்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லுக்கு அப்படியொரு கெட்ட பெயர்! ஆனால் மழை பெய்ததும் எழும் மண்வாசனையே மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தருவதுதான். அதே இனத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்துதான் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க்கு அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள்.

சிங்கப்பூரில் நம் புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்தின் எருத்தொட்டியிலும் இத்தகைய நுண்ணுயிர்கள்தான் உழைக்கின்றன. காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் தின்று அவை பெருகும்போது வெப்பம் உண்டாகிறது. பெரிய குவியல் முழுவதும் 55 டிகிரி செல்சியசில் குறைந்தது 3 நாள் இருந்தால், வயிற்றுப்போக்கைத் தரும் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்றவை பெரும்பாலும் மடிந்துவிடும். சூடு தணிந்த பிறகும், நல்ல நுண்ணுயிர்கள் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொண்டு கெட்டவற்றைப் பெருகவிடாமல் தடுக்கின்றன.

சிறிய தொட்டி அவ்வளவு சூடாகாது. ஆகவே அதில் மீன், இறைச்சி, நாய் பூனைக் கழிவு எதையும் போடாதீர்கள். சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு பங்கு இருக்கட்டும். பிழிந்த துணியில் உள்ள அளவு ஈரம் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். நல்ல நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். அழுகல் நாற்றம் அடித்தால் இன்னும் கொஞ்சம் இலை சேர்த்துக் கிளறுங்கள். கடையில் நுண்ணுயிர்த் தூள் கிடைக்கிறது; மக்கிய பழைய எரு ஒரு பிடி இருந்தால் அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. எரு கறுத்து, உதிர்ந்து, மண்வாசனை வரும்வரை கீரைப் பாத்திக்கு இடாதீர்கள். அதற்குச் சில மாதங்கள் ஆகும்.

நல்ல நுண்ணுயிர்களை மட்டும் நம்பியிருக்க முடியாத இடமும் உண்டு. மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும் கிருமி நம் வட்டார மண்ணிலும் சேற்று நீரிலும் இயல்பாகவே வாழ்கிறது. புண் வழியாக அது உடலுக்குள் நுழையும். கனமழையின்போது மூச்சு வழியாகவும் புகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த நோய் உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களில் பலருக்குக் காலில் புண் இருப்பதே தெரிவதில்லை. ஆகவே தோட்டத்துக்குப் போகுமுன் பாதத்தைப் பாருங்கள். புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். கையுறையும் மூடிய காலணியும் அணியுங்கள். செருப்பு போதாது. உலர்ந்த எருவின் தூசியிலும் நுரையீரலைத் தாக்கும் கிருமி இருக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, எருவைச் சிறிது நனைத்துக் கையாளுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

பிறகு காய்ச்சலோ இருமலோ வந்தால், பலதுறை மருந்தக மருத்துவரிடம் "நான் மண்ணில் வேலை செய்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.