இல்லையும் அல்லவும்



விழா மேடையில் ‘உண்டு’ என்று பேசுவதே மரபு. நான் ‘இல்லை’ என்னும் சொல்லைப் பற்றிப் பேச வந்துள்ளேன். மங்கலமற்ற தலைப்பு என்று எண்ண வேண்டா. ஒரு சமுதாயம் எதை, எப்படி மறுக்கிறது என்பதில் அதன் இயல்பு வெளிப்பட்டுவிடும்.

நம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து வாயில்களை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘நோ’ என்னும் ஒரே சொல் அத்தனை காவலையும் செய்துவிடுகிறது. ‘நோ வேக்கன்சி’, ‘நோ அட்மிஷன்’, ‘நோ ஸ்மோக்கிங்’. இவற்றைத் தமிழாக்கும்போது அந்த ஒரு சொல் பலவாகப் பிரிகிறது. வேலை காலி இல்லை, உள்ளே வரக் கூடாது, புகை பிடிக்காதீர். முதலாவது இன்மை, இரண்டாவது தடை, மூன்றாவது விலக்கும் ஏவல். இவற்றோடு வேண்டாம், முடியாது, மாட்டேன் என்பனவும் உள்ளன. ‘ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வா’ என்ற கட்டளைக்கு ‘முடியாது’ என்பவர் இயலாமையைக் காட்டி ஒதுங்கிக்கொள்ளலாம். ‘மாட்டேன்’ என்பவர் தம் விருப்பத்துக்குத் தாமே பொறுப்பேற்கிறார். அச்சொல்லின் இறுதியில் நிற்கும் ‘ஏன்’ விகுதி ‘நான்’ என்று சாட்சி சொல்கிறது.

‘இல்லை’யோ அவ்வாறு யாரையும் காட்டுவதில்லை. நான் இல்லை, நீ இல்லை, அவர்கள் இல்லை. ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் அது பொதுவாக வரும் என்று நன்னூலும் ஒப்புகிறது. ‘அனுமதி இல்லை’ என்ற பலகையின் பின்னே, அனுமதி மறுத்தவர் யார் என்று தேடினால் கிடைக்கமாட்டார். மறுப்பவர் மறைந்துகொள்ள வசதியான சொல் அது.

இனி ‘அல்ல’ என்பதற்கு வருகிறேன். ‘இல்லை’ ஒரு பொருளின் இருப்பை மறுக்கும். ‘அல்ல’ ஒரு பொருளின் தன்மையை, அடையாளத்தை மறுக்கும். அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என்று பாலுக்கொரு வடிவம் நம் இலக்கணத்தில் உண்டு. இன்றைய பேச்சிலோ ‘இது என் பை இல்லை’, ‘அவர் டாக்டர் இல்லை’ என்று எல்லாமே ‘இல்லை’க்குள் அடங்கிவிட்டன. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். அங்கிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்கள் இன்மைக்கு ‘லேது’ என்றும் அன்மைக்குக் ‘காது’ என்றும் இயல்பாகப் பிரித்துப் பேசுகிறார்கள். மலையாளிகளும் ‘இல்ல’ வேறு, ‘அல்ல’ வேறு என்றே வழங்குகிறார்கள். அண்டை வீட்டார் அன்றாடம் புழங்கும் பாத்திரத்தை நாம் பரணில் ஏற்றிவிட்டோம்.

இது இலக்கணப் புலவர்களின் கவலை மட்டுமன்று. நம் ஊர் முகாமில் ஈழத்திலிருந்து வந்த தமிழர் வாழ்கின்றனர். அகதிகள் முகாம் என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று தமிழக அரசு 2021-இல் மாற்றியது. ஈழத்தைப் பாராமல் இங்கேயே பிறந்து வளர்ந்தோரும் அங்கு உண்டு. அவர்களுள் ஒருவரைப் பற்றி ‘குடிமகன் அல்லன்’ என்றால் மறுக்கப்படுவது ஒரு தகுதி மட்டுமே. மனிதன் எதிரே நிற்கிறான், அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதையே ‘குடிமகன் இல்லை’ என்று சொல்லிப் பழகிவிட்டால், தகுதி மறுக்கப்பட்டவன் ஆளாகவே இல்லாதவன் போல் ஆகிவிடுகிறான். ‘அல்லன்’ என்பதை ‘இலன்’ ஆக்கிவிடும் இக்குழப்பம் சொல்லளவில் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை.

மறுப்பில் தெளிவு உயிரையும் காக்கும். ‘வால்வை மூடவில்லையா?’ என்று மேற்பார்வையாளர் கேட்பதாகக் கொள்வோம். ‘ஆமாம்’ என்கிறார் தொழிலாளி. தமிழ் வழக்கில் அது ‘ஆமாம், மூடவில்லை’ என்று பொருள்படும். ஆங்கில வழக்கில் பழகிய செவிக்கோ ‘மூடிவிட்டேன்’ என்று கேட்கக்கூடும். கேள்வியையே ‘மூடினீர்களா?’ என்று மாற்றுவதும், ‘மூடவில்லை’ என்று வினையோடு பதில் சொல்வதும் நன்று.

மறுப்பு வெறும் வெறுமையும் அன்று. கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, புறங்கூறாமை என்று செய்யாமல் விடுவதையே அறமாக்கி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். அவரே கல்லாமையைக் குறையாகவும் வைத்தார். எதை விடுவது, எதை விடலாகாது என்று அறிந்து மறுக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

‘அறியேன்’ என்ற சொல்லைப் பிரித்தால், எதிர்மறை இடைநிலையாகிய ஆகாரம் புணர்ந்து கெட்டது என்பர் இலக்கணம் கற்பிப்போர். மறுக்கும் எழுத்து மறைந்துவிடுகிறது. மறுக்கும் ஆள் ‘ஏன்’ விகுதியாய் எஞ்சி நிற்கிறான். கவிஞர்கள் கருத்திற்கொள்ளத்தக்க அமைப்பு இது.

கவிஞர் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ‘இல்லை’ என்று எழுதும்முன் ஒருகணம் நில்லுங்கள். அங்கே வர வேண்டியது ‘அல்ல’ என்பதா, ‘கூடாது’ என்பதா, ‘மாட்டேன்’ என்பதா என்று எடை போடுங்கள். பேச்சு கைவிட்ட வேறுபாட்டைக் கவிதை காத்துக்கொடுக்கலாம். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளில் இதுவும் ஒன்றாகட்டும்.