நன்றி செலுத்துதலும் 'ஈர்ப்பு விதி'யும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஏக இறைவனைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறோம்.

நன்றி செலுத்துவதைப் பற்றி இந்த அவையில் பேச என்ன தேவை என்று சிலர் எண்ணக்கூடும். தும்மினாலும் அல்ஹம்துலில்லாஹ், உண்டு முடித்தாலும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் 'நன்றி' என்னும் சொல் இன்று வேறொரு பொருளோடு புழங்கி வருகிறது. காலையில் எழுந்ததும் பத்துக் காரியங்களுக்கு நன்றி எழுத வேண்டுமாம். கிடைக்காத வேலைக்கும் கட்டாத வீட்டுக்கும், அவை கைக்கு வந்துவிட்டதாகவே எண்ணி நன்றி கூற வேண்டுமாம். அவ்வாறு செய்தால் பிரபஞ்சம் அவற்றைக் கொண்டுவந்து சேர்க்குமாம். இதற்கு 'ஈர்ப்பு விதி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இன்னும் சிலர் ஒருபடி மேலே சென்று, இது நம் மார்க்கம் என்றோ சொன்னதுதான் என்று கூறி, திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயமாகிய இப்ராஹீமின் 7ஆம் வசனத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். நன்றி செலுத்துவோருக்கு இறைவன் அதிகப்படுத்துவான் என்று அறிவிக்கும் வசனம் அது. எனவே இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

முதலில் இதன் வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் 'புதுச் சிந்தனை' என்றோர் இயக்கம் தோன்றியது. நோய்க்குத் தவறான எண்ணமே காரணம். எண்ணம் திருந்தினால் நோய் நீங்கும் என்பது அதன் தொடக்கக் கொள்கை. பிறகு அது பணத்தின் பக்கம் திரும்பியது. 1906இல் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்பவர் எண்ண அதிர்வுகளையும் ஈர்ப்பு விதியையும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1910இல் வாலஸ் வாட்டில்ஸ் என்பவர் செல்வந்தராகும் விஞ்ஞானம் என்றே தலைப்பிட்டு ஒரு நூலை வெளியிட்டார். நன்றியுணர்வுக்கென்று அதில் தனி அத்தியாயமே உண்டு. அந்நூலை 2004இல் படித்த ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ரோண்டா பைர்ன், 2006இல் 'தி சீக்ரெட்' என்னும் படத்தையும் நூலையும் வெளியிட்டார். 'இரகசியம்' என்ற பெயரில் தமிழிலும் அது வந்துள்ளது. 2012இல் அவரே 'தி மேஜிக்' என்னும் நூலில் 28 நாட்களுக்கான நன்றிப் பயிற்சியை வகுத்தார். கைப்பேசியில் இன்று வலம் வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த ஊற்றிலிருந்து வந்தவையே.

'விதி' என்ற சொல்லைச் சற்றே கவனிக்க வேண்டும். 1687இல் நியூட்டன் வெளியிட்டதும் ஈர்ப்பு விதிதான். அதை நம்புகிறவர் எறிந்தாலும் நம்பாதவர் எறிந்தாலும் கல் கீழே விழும். யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். எண்ணத்தின் ஈர்ப்பு விதிக்கு அத்தகைய அளவுகோல் எதுவும் இல்லை. பலித்தால் விதி மெய்யென்பர். பலிக்காவிட்டால் உன் நம்பிக்கை போதவில்லை என்பர். எந்த நிலையிலும் பொய்யாகாத ஒன்றை விதியென்று எப்படி ஏற்பது? ஒத்தது ஒத்ததை ஈர்க்கும் என்று காந்தத்தையும் சான்றுக்கு அழைக்கிறார்கள். காந்தத்தின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பது உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் தெரியும்.

இம்முறையில் நன்றி எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. செலுத்தாத கட்டணச் சீட்டின் மீது, பணம் வந்துவிட்டதாகப் பாவித்து நன்றி என்று எழுதச் சொல்கிறது 2012ஆம் ஆண்டு நூல். பிரபஞ்ச வங்கியின் பெயரால் அச்சிட்ட காசோலையில் விரும்பிய தொகையை நிரப்பி வைத்துக்கொள்ளும் வழக்கமும் இவ்வியக்கத்தில் உண்டு. (மின்வாரியம் இந்தக் காசோலையை ஏற்பதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.) இங்கே நன்றி என்பது பெற்றதை ஒப்புக்கொள்வதன்று, பெறப்போகும் பொருளுக்குக் கொடுக்கும் முன்பணம். கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்துப் பொருளுக்குக் காத்திருப்பவரை நன்றியுள்ளவர் என்று எவரும் சொல்வதில்லை.

இப்போது அந்த வசனத்துக்கு வருவோம். அதற்கு முந்தைய 6ஆம் வசனத்தைச் சேர்த்துப் படித்தால் இடம் விளங்கும். பிர்அவ்னின் கொடுமையிலிருந்து மீட்கப்பட்டதை மூஸா (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்கு நினைவூட்டுகிறார்கள். நடந்து முடிந்த மீட்சிக்கான நன்றி அது. அதிகப்படுத்துவதாக வாக்களிப்பவன் விருப்பமும் அறிவும் உடைய ஒரு கொடையாளன்; தட்டினால் கொட்டும் இயந்திரம் அல்லன். எதை அதிகப்படுத்துவான், எப்போது, எவ்வளவு என்று வசனம் வரையறுக்கவில்லை. வாகனத்தின் நிறத்தையும் வீட்டின் அளவையும் நாம் எழுதிக் கொடுத்து நிறைவேற்றச் சொல்லும் ஏற்பாடாக அதை ஆக்குவது, கொடுப்பவனை ஏவலாளாக ஆக்குவதாகும். துஆவும் அப்படித்தானே என்று கேட்கலாம். துஆ கேட்பவர் 'இல்லை' என்ற பதிலுக்கும் இடம் வைத்தே கையேந்துகிறார்.

நன்றி என்பதன் வேரை இரு மொழிகளிலும் பார்ப்பது பயன் தரும். தமிழில் நன்றி என்பதன் பழைய பொருள் நன்மை, பிறர் செய்த உதவி என்பதே. அதனால்தான் திருக்குறளில் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றியறிதல்' என்று அமைந்தது; செய்யப்பட்ட நன்மையை அறிதல். அரபியில் ஷுக்ர் என்னும் சொல்லை விளக்க வந்த மொழியறிஞர்கள், சிறிதளவு தீவனத்திலேயே உடல் தேறிக் காட்டும் கால்நடையை 'ஷகூர்' என்று அரபிகள் அழைத்ததை எடுத்துக்காட்டுகிறார்கள். தின்றது உடலில் தெரிய வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் இஹ்யாவில் ஷுக்ரை அறிவு, உள்ளத்தின் நிலை, செயல் என மூன்றாகப் பகுத்தார்கள். கொடுத்தவனை அறிதல் முதலில்; அதனால் வரும் மகிழ்ச்சி அடுத்து; கொடுக்கப்பட்டதை உரிய வழியில் செலவிடுதல் முடிவில். ஈர்ப்பு விதிக்காரர்களின் நன்றியில் நடுப்பகுதி மட்டும் இருக்கிறது. முன்னும் பின்னும் இல்லை.

நன்றிப் பயிற்சியே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. 2003இல் எம்மன்ஸ், மெக்கலோ என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் மூன்று சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். முதல் சோதனையில் மாணவர்களுள் ஒரு சாரார் நன்றிக்குரியவற்றையும், மற்றொரு சாரார் எரிச்சலூட்டியவற்றையும், இன்னொரு சாரார் பொதுவான நிகழ்வுகளையும் வாரந்தோறும் பத்து வாரங்கள் எழுதினர். நன்றி எழுதியவர்களின் மனநிறைவு கூடியிருந்தது. மூன்றாவது சோதனையே நம் கருத்தைக் கவர்வது. நரம்பு, தசை நோய் உடையவர்கள் 21 நாட்கள் நாள்தோறும் எழுதினர். நல்லுணர்வு பெருகியது, உறக்கம் மேம்பட்டது. நோய் நோயாகவே இருந்தது. அதைக் கொடுப்பதாக அந்த ஆய்வாளர்கள் சொல்லவும் இல்லை. பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பயன் உண்டு, ஆனால் சிறிய அளவே என்று கணித்தனர். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்கள் பயனடைந்தனர். மூன்று முறை எழுதியவர்கள் அடையவில்லை. கை பழகிவிட்டால் மனம் ஒதுங்கிக்கொள்ளும் போலும். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கடைக் கணக்கை எண்ணியிருப்பவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஆசைப்பட்டதை அடைந்துவிட்டதாகக் கற்பனை செய்வது பற்றியும் ஆய்வுகள் நடந்துள்ளன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்வுக்கு முன் உயர்ந்த மதிப்பெண் பெற்றதாகக் கற்பனை செய்த மாணவர்கள், படிக்கும் செயலைக் கற்பனை செய்த மாணவர்களைவிடக் குறைந்த நேரமே படித்தனர், மதிப்பெண்ணும் குறைந்தது. ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேல் ஒட்டிங்கன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல வேலை கிடைத்ததாக இனிய கற்பனைகளில் அதிகம் திளைத்த பட்டதாரிகள் குறைவாகவே விண்ணப்பித்தனர். குறைந்த ஊதியமே பெற்றனர். முன் அனுபவத்தின் அடிப்படையில் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களோ நன்றாகவே முன்னேறினர். நம்பிக்கை வேறு, கனவில் உண்டு பசியாறுவது வேறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கிராமவாசிக்கு அறிவுறுத்தியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை இங்கே நினைவுகூரலாம்.

2023இல் வெளியான மற்றோர் ஆய்வில் 1,023 பேரிடம் வினவியபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இத்தகைய நம்பிக்கை உடையவர்களாக இருந்தனர். அவர்கள் ஆபத்தான முதலீடுகளில் அதிகம் ஈர்க்கப்பட்டவர்களாகவும், திவாலானவர்களாக இருக்கும் வாய்ப்பு மிகுந்தவர்களாகவும் காணப்பட்டனர். எது எதற்குக் காரணம் என்பதை அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆயினும் சங்கிலித்தொடர் வணிகக் கூட்டங்களில் சுவரில் கார்ப் படத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வதைக் கண்டவர்களுக்கு வியப்பு ஏற்படாது.

பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. இன்று பேச முன்வந்ததும் அதன் பொருட்டே. நல்லவற்றை எண்ணம் ஈர்க்கிறது என்றால் தீயவற்றையும் எண்ணமே ஈர்த்திருக்க வேண்டும். அப்படியானால் நோயாளி தன் நோயை அழைத்தவர். ஏழை தன் வறுமையை விரும்பியவர். இது நாமாக வருவிக்கும் முடிவன்று. திரளான மக்கள் மடிந்த நிகழ்வுகளுக்கும் அவர்களுடைய எண்ணங்களின் அதிர்வே காரணம் என்ற விளக்கம் 2006ஆம் ஆண்டு நூலிலேயே இடம்பெற்றுள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அவர்களுள் பால்குடிக் குழந்தைகளும் இருந்தனர். அந்தப் பச்சிளம் உள்ளங்கள் எந்த எண்ணத்தால் ஆழிப்பேரலையை ஈர்த்தன? அந்நாட்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், உறவுகளையும் உடைமைகளையும் இழந்து வந்த மீனவ மக்களுக்கு உணவளித்தார்கள். வந்தவர்களிடம் என்ன எண்ணினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அடுப்பை மூட்டினார்கள். தமக்குக் கிடைத்த பாதுகாப்புக்கு அவர்கள் செலுத்திய ஷுக்ர் என்று நாம் அதைக் கருதுகிறோம்.

நோயாளிகளைப் பார்க்கச் செல்லும்போது நம் நாவைப் பற்றியும் சற்றே சிந்திப்போம். புற்றுநோயுற்ற ஒரு தாயிடம், 'எதிர்மறையாக நினைக்காதீர்கள், நினைத்தால் நோய் கூடிவிடும்' என்று சொல்லிவிட்டு வருகிறோம். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறோம். அவரோ இரவெல்லாம் தம் அச்சத்தைக் கண்டே அஞ்சிக் கிடக்கிறார். தலை, கழுத்துப் புற்றுநோயாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2007இல் வெளியான முடிவு, அவர்களின் மனநிலை அவர்கள் உயிர்வாழ்ந்த காலத்தை மாற்றவில்லை என்று தெரிவித்தது. அழுவதால் நோய் கூடாது. அழ விடுங்கள்.

அய்யூப் (அலை) அவர்கள் தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதாக இறைவனிடம் வெளிப்படையாகவே முறையிட்டார்கள். யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின. நபி (ஸல்) அவர்களுடைய மக்களுள் ஃபாத்திமா (ரலி) அவர்களைத் தவிர அனைவரும் அவர்களுக்கு முன்பே மறைந்தனர். குழந்தை இப்ராஹீமின் உயிர் பிரிந்தபோது அவர்கள் கண்ணீர் வடித்ததைப் புகாரீ பதிவு செய்துள்ளது. இரவுத் தொழுகையில் கால்கள் வீங்க நின்று, நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்று கேட்டவரும் அவர்களே. ஒரே உள்ளத்தில் இரண்டும் இருந்தன. இத்தா இருக்கும் பெண்ணிடம் சென்று, இருப்பதை எண்ணி மகிழ்ச்சியாக இருக்கும்படி கூற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இதே போன்று, கூலி கேட்கும் தொழிலாளியிடம் இருப்பதற்கு நன்றி செலுத்தச் சொல்வதும் முறையன்று. நன்றி அவர் செலுத்திக்கொள்வார். கூலியை நாம் செலுத்த வேண்டும்.

அவ்வாறாயின் நாள்தோறும் நன்றி செலுத்துவது எப்படி? இளைஞர்கள் நோட்டில் எழுத விரும்பினால் தாராளமாக எழுதட்டும். 'குடும்பம், உடல்நலம்' என்று பொதுவாக எழுதாமல், அன்று நடந்த ஒன்றைக் குறிப்பாக எழுதட்டும். மகளின் காய்ச்சல் தணிந்தது என்றால், யார் மூலமாக என்றும் பக்கத்தில் எழுத வேண்டும்: இரவு பதினொரு மணிக்குக் கடையைத் திறந்து மருந்து கொடுத்தவர். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவர் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. வரப்போகும் எதையும் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. அது துஆவுக்குரிய இடம்.

நோட்டே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மனித உடலில் 360 மூட்டுகள் இருப்பதாகவும், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தர்மம் கடமை என்றும் நபிமொழிகள் கூறுகின்றன. இருவருக்கிடையே நியாயம் உரைப்பது, ஒருவரின் சுமையை ஏற்றிவிடுவது, நல்ல சொல், பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது யாவும் அக்கணக்கில் சேரும். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுகிறவர்களுக்கு, வலியில்லாத மூட்டின் மதிப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 2005இல் செலிக்மன் என்னும் உளவியலாளர் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், தாம் முறையாக நன்றி சொல்லாதிருந்த ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் சென்று கொடுத்தவர்களின் மகிழ்ச்சி ஒரு மாதம் வரை நீடித்தது. நமக்கு அலிஃப் பே ஓதிக்கொடுத்த உஸ்தாதுகளுள் சிலர் இன்னும் உயிருடன் இருக்கிறார்கள். பார்வை மங்கி, வெளியூர்களில் மக்கள் வீட்டில் இருக்கிறார்கள். இந்த மாதத்திற்குள் அவர்களுள் ஒருவரையேனும் சென்று காண்போம். கடிதம் எழுதினால் நாமே வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். பெயரைக் குறித்துக்கொள்ளும்போதே அந்த ஊருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.