மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தல்

(நம் மருத்துவமனையின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூடுகையில், நர்சிங் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆதரவாளர்கள் முன் ஆற்றிய உரை. அவர் பேசியபடியே இங்கே தருகிறோம்.)



எனக்கு வார்டில் பேசிப் பழக்கம். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஆனாலும் நீங்கள் அனுப்பிய காணிக்கையில் நான் இரண்டு வருஷம் எம்.எஸ்சி. நர்சிங் படித்தேன். அந்த இரண்டு வருஷத்துக்கு உங்களிடம் கணக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

நான் படிக்கப் புறப்பட்டபோது எங்கள் சபையில் ஒரு தாத்தா கேட்டார்: "நீ ஏற்கெனவே நர்சுதானேம்மா? ஊசி போட இன்னும் எதுக்குப் படிப்பு?" நியாயமான கேள்வி. உங்களில் சிலர் மனதிலும் அது இருக்கலாம். அதற்குப் பதில் சொல்ல, என்னுடைய ஒரு தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டு மழைக்காலம். அப்போது நான் குழந்தைகள் வார்டில் வார்டு சிஸ்டர். ஒரு சாயங்காலம் ஒரு தாய் தன் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "சிஸ்டர், பிள்ளைக்கு இழுக்குது, பாருங்க" என்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழி விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினேன். 64. அந்த வயதுக் குழந்தைக்கு இருமலோடு மூச்சு 50-ஐத் தொட்டாலே நிமோனியாவை நினைக்க வேண்டும். சார்ட்டைப் புரட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு முன் எழுதியிருந்தது 24. அந்த வார்டில் படுத்திருந்த பதினொரு குழந்தைகளுக்கும் அதே 24!

டாக்டர் வந்தார், ஆக்ஸிஜன் கொடுத்தோம், மருந்து ஏற்றினோம். தேவகிருபையால் குழந்தை பிழைத்து, சில நாளில் தாயின் இடுப்பில் வீட்டுக்குப் போனது.

சார்ட் எழுதியவள் இரண்டாம் வருஷ மாணவி. எல்லார் முன்னிலையிலும் அவளைத் திட்டித் தீர்த்தேன். இரவு டூட்டி முடிகிற நேரம் அவள் வந்து, பயந்து பயந்து சொன்னாள்: "சிஸ்டர், ரவுண்ட்ஸுக்கு முன்னாடி அவசரத்துல நீங்களும் எண்ணாமத்தான் எழுதுறீங்க. அதைப் பார்த்துத்தான் நான் கத்துக்கிட்டேன்."

எனக்கு வாய் அடைத்துப்போனது. ஆள் பற்றாக்குறை என்று சமாதானம் சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அவள் சொன்னதும் உண்மை. பதினான்கு வருஷ அனுபவத்தில், கட்டிலைத் தாண்டிப் போகும்போதே எந்தக் குழந்தை திணறுகிறது என்று என் கண் சொல்லிவிடும். அந்த நம்பிக்கையில் என் பேனா ஒரு எண்ணை எழுதிவிடும். அவள் என் பேனாவைக் கற்றுக்கொண்டாள். என் கண்ணை நான் அவளுக்குக் கொடுக்கவே இல்லை.

நடந்ததை மேட்ரன் அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நீ நல்ல நர்ஸ். ஆனா சொல்லிக்கொடுக்கிறது வேற வேலை. அதையும் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்" என்றார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து, ஒரு வருஷமாவது வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்க முடியும். நான் டிப்ளமோ படித்து வேலைக்கு வந்து, பிறகு போஸ்ட் பேசிக் முடித்தவள். 2014-இல் இடம் கிடைத்தது. அப்போது எனக்கு 37 வயது. மூத்தவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. என் அத்தை, அதாவது மாமியார், "பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன், நீ போய்ப் படிச்சிட்டு வா" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நான் போயிருக்க முடியாது. வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் பெரும்பாலும் 25 வயதுப் பிள்ளைகள். அவர்கள் ஒருமுறை வாசித்தால் போதும். எனக்கு மூன்று முறை வேண்டும்.

என்ன படித்தேன் என்று சொல்கிறேன். எம்.எஸ்சி.யில் ஒரு சிறப்புப் பிரிவை எடுக்க வேண்டும். நான் குழந்தைகள் நலம் எடுத்தேன். அதோடு நர்சிங் கல்வி, ஆராய்ச்சியும் புள்ளியியலும், நிர்வாகம் எல்லாம் உண்டு. கடைசியில் ஓர் ஆய்வு செய்து ஏட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் வருஷத்தில் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று. சக மாணவிகள் நாலைந்து பேர் முன்னால் சில நிமிஷம் மட்டும் ஒரு சின்ன விஷயத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூச்சு எண்ணுவதையே எடுத்தேன். என் பாடத் திட்டத்தில், "மாணவி மூச்சைப் பற்றி அறிந்துகொள்வாள்" என்று நோக்கம் எழுதியிருந்தேன். பேராசிரியை அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "அறிந்துகொண்டாள் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். திருத்தி எழுதினேன்: "குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு முழு நிமிஷம் எண்ணிக் காட்டுவாள்." அதைக் கண்ணால் பார்க்கலாம், சரியா தவறா என்று சொல்லலாம்.

பாட்ரிசியா பென்னர் என்கிற அமெரிக்க நர்ஸ் 1984-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு நர்ஸ் புதியவள் என்ற நிலையில் தொடங்கி, ஐந்து படிகளில் கைதேர்ந்தவள் ஆகிறாள் என்று அதில் விளக்குகிறார். கைதேர்ந்தவள் பார்த்தவுடன் புரிந்துகொள்வாள். எப்படிப் புரிந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். புதியவளுக்கோ ஒவ்வொரு படியும் விதியாகச் சொல்லப்பட வேண்டும். அதை வாசித்த இரவு அந்த மாணவியின் முகம்தான் கண்முன் வந்தது.

பிரியமானவர்களே, இது புதிய பாரமும் அல்ல. ஒரே ஒரு கட்டிலோடு 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரை நீங்கள் அறிவீர்கள். தனி ஆளாக எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்பதை உணர்ந்த அந்த அம்மையார் 1909-இலேயே அங்கே நர்சுகளுக்குப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். பெண்களுக்கான மருத்துவப் பள்ளிகூட அதற்குப் பிறகு, 1918-இல்தான் வந்தது. 1946-இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, நம் நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருக்கிறார் என்று கணக்குக் காட்டியது. அதே 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பமானது. பின்னர் அந்த இரண்டு இடங்களிலும் முதுநிலைப் படிப்பும் வந்தது. நர்சுகள் வேண்டுமானால் முதலில் அவர்களுக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்பதை முன்னோர் கண்டுகொண்டார்கள்.

இன்றும் அதே நிலைதான். பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஆசிரியர் இல்லாவிட்டால் மாணவியர் சேர்க்கைக்கு அனுமதி இல்லை. பட்டணத்துக் கல்லூரிகள் கொடுக்கிற சம்பளத்தை நம்மைப் போன்ற கிராமத்து மருத்துவமனை கொடுக்க இயலாது. ஆகவே நம்மிடம் இருக்கிற ஒருவரைப் படிக்க வைத்து, திரும்ப வரவழைப்பதே நமக்கு இருக்கிற வழி.

2016-இல் திரும்பி வந்தேன். இப்போது மாணவிகள் வார்டுக்குப் போகுமுன், பயிற்சி அறையில் ஒவ்வொருத்தியும் என் முன் எண்ணிக் காட்ட வேண்டும். கையில் பட்டியல் வைத்திருப்பேன். குழந்தையை அமைதிப்படுத்தினாளா, நெஞ்சைத் திறந்து பார்த்தாளா, முழு நிமிஷம் எண்ணினாளா, உடனே எழுதினாளா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பேன். பிறகு வார்டில் அவள் ஒரு குழந்தையை எண்ணும்போது, பக்கத்தில் நின்று நானும் எண்ணுவேன். இருவரும் தனித்தனியே எழுதிக் காட்டுவோம். எண் பொருந்தாவிட்டால் திட்டுவதில்லை, மறுபடியும் எண்ணுவோம். சில நேரம் தவறு என்னுடையதாக இருக்கும். அதையும் அவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

"படிக்க வைக்கிறோம், அவர்கள் வெளிநாடு போய்விடுகிறார்களே" என்று உங்களில் சிலர் வருத்தப்படுவது எனக்குத் தெரியும். நான் திட்டிய அந்த மாணவியும் இன்று குவைத்தில்தான் வேலை செய்கிறாள். வீட்டுக் கடனை அடைக்கப் போனாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போகிறவர்கள் போய்க்கொண்டிருக்கும்போது, இங்கே கற்றுக்கொடுக்க யாராவது இருந்தாக வேண்டும். படிப்பு முடிந்ததும் சில வருஷம் இங்கே பணி செய்வேன் என்று நான் எழுதிக்கொடுத்தேன். அந்த வருஷங்கள் எப்போதோ முடிந்துவிட்டன. இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

இந்த வருஷம் நம் பிரசவ வார்டு சிஸ்டர் ஒருவர் எம்.எஸ்சி. படிக்கப் போகிறார். அவருக்குக் கைக்குழந்தை உண்டு. அவர் இல்லாத இரண்டு வருஷம் அந்த வார்டைப் பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும். அவருடைய கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் இருக்கிறது. அவர்களுக்காக ஜெபியுங்கள். உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்.

சபையிலே கேள்வி கேட்ட அந்தத் தாத்தாவுக்கும் இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். ஊசி போட எம்.எஸ்சி. வேண்டாம், தாத்தா. நான் பக்கத்தில் இல்லாத இரவிலும், ஒரு இரண்டாம் வருஷப் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிஷம் எண்ண வேண்டும். அதற்காகத்தான் படித்தேன்.