நகச்சொத்தைக்கு மாத்திரை: பாதியில் நிறுத்தலாமா?

"ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், டாக்டர். கால் நகம் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. நிறுத்திவிட்டேன்" என்று அரங்கில் இருக்கும் அம்மா ஒருவர் சொன்னார்.

அம்மா, கெட்டுப்போன நகம் மாத்திரையால் வெளுக்காது. மருந்து காளானைக் கொல்லும். அடியிலிருந்து புது நகம் வளர்ந்து பழையதைத் தள்ள வேண்டும். கால் பெருவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதங்கள் ஆகும். டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. கை நகத்திற்கு 6 வாரம், கால் நகத்திற்கு 12 வாரம். முடித்த பிறகும் மருந்து நகத்தில் தங்கி வேலை செய்யும்.

தடித்த நகமெல்லாம் காளான் அல்ல. முதலில் நகத் துண்டைச் சோதிக்க வேண்டும். பிறகு கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுவோர் இட்ராகோனசோலைச் சேர்த்து எடுக்கக் கூடாது. தோலுக்கும் நகத்திற்கும் கெட்டோகோனசோல் மாத்திரை வேண்டாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல் எச்சரித்தது, கல்லீரலே பழுதாகலாம்.

இனிப்புநீர் உள்ளவர்களே, "நகம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அங்கே தொடங்கும் புண், விரலையே கேட்கலாம். அம்மா, நீங்களாக மீண்டும் தொடங்காமல் மருத்துவரிடம் போங்கள்.