தோளுக்கு வந்த கேடும் தொகை தரும் சட்டமும்



ஊசி நல்லது. பெரியம்மையை உலகைவிட்டே ஓட்டியது தடுப்பு மருந்தன்றோ! ஆயினும், போடுபவர் கை சற்றே மேலேறி, தசையிற் செல்லவேண்டிய மருந்து மூட்டருகே சென்றுவிட்டால்? தலைவாரக் கை எழவில்லை. சட்டை மாட்ட முடியவில்லை. ஊர் நலத்துக்காகத் தோள் கொடுத்தவனின் இழப்பை ஏற்பது யார்?

அமெரிக்க நாட்டார் இதற்கென 1986-இல் சட்டம் செய்தனர். ஊசி தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி. அப்பணம் தனி நிதியில் சேர்கிறது. குற்றம் எவருடையது என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. 2017-இல் தோள் காயமும் அட்டவணையில் ஏறிற்று. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்கவேண்டும். ஆறு திங்களுக்கு மேல் நீடித்திருக்கவேண்டும், அன்றி மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து அறுவையும் நடந்திருக்கவேண்டும். மூன்றாண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். எந்தக் கையில் போட்டார்கள் என்று ஏட்டில் எழுதாமற்போனால், அதுவே பெரும் வழக்காகிவிடும்! நேர்மையோடும் தக்க அடிப்படையோடும் தொடுத்த வழக்கெனில், தோற்றாலும் வழக்கறிஞர் ஊதியத்தை நிதியே தருகிறது. ஏழைக்கு இதைவிட வேறென்ன துணை?

குறையும் உண்டு. வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். 1986-இல் வகுத்த அதே தொகை! விலைவாசி மட்டும் நின்றுவிட்டதா, என்ன?

இன்னும் கேளுங்கள். கொரோனா ஊசியை வேறொரு திட்டத்தில் வைத்தார்கள். அங்கே தவணை ஓராண்டே. நீதிமன்றம் இல்லை, வழக்கறிஞர் ஊதியம் இல்லை, வேதனைக்குக் காசும் இல்லை. சளிக்காய்ச்சல் ஊசியால் நொந்த தோளுக்கு நீதிமன்றம். கொரோனா ஊசியால் நொந்த தோளுக்கு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம். நோவதென்னவோ அதே தோள்தான்!